ஆஞ்சியோவுக்குத் தேதி குறித்துவிட்டார்களா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிறது. டிரெட்மில்லில் நடக்கவிட்டு இசிஜி பார்க்கும் டி.எம்.டி. பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. "ஒரு ஆஞ்சியோ பார்த்துடலாம், தேவைப்பட்டா அப்பவே ஸ்டெண்ட் வெச்சுடலாம்" என்று டாக்டர் தேதியும் கொடுத்துவிட்டார். ஆஞ்சியோ என்பது சாயம் ஏற்றி இதய ரத்தக் குழாய்களைப் படம் பார்ப்பது. ஸ்டெண்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சின்ன உலோக வலைக் குழாய். தமிழ்நாட்டில் இந்தக் கட்டத்தில் நிற்கும் நோயாளிக்கும், அவரோடு அலையும் மகன், மகள், மருமகளுக்கும் எழுதியது இது.

என் அப்பாவுக்காக அலைந்த காலத்தில் எந்தக் கவுண்டரில் எதைக் கேட்பது, எந்தத் தாளில் என்ன இருக்கும், எந்தக் கேள்வியை என்றைக்குக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. தெரிந்தவர்கள் சொன்னது இரண்டே வகை. "டாக்டர் சொல்றதைக் கேளு" என்பது ஒன்று. "அவங்கெல்லாம் காசுக்குத்தான்" என்பது இன்னொன்று. இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. டாக்டருக்கு இதயத்தைப் பற்றித் தெரியும். அப்பாவுக்கு எது முக்கியம் என்பது அப்பாவுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்துதான் முடிவு வர வேண்டும், அதுவும் ஆஞ்சியோ அறைக்குள் போவதற்கு முன்பே.

நான் டாக்டர் இல்லை. ஒரு மாத்திரையை நிறுத்துவதற்கோ சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கோ இந்தக் கட்டுரையைக் காரணமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

1. அவசரமா, நேரம் இருக்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி, வியர்வை, மூச்சு வாங்குதல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு. அந்த நேரத்தில் இரண்டாவது கருத்து, எஸ்டிமேட் ஒப்பீடு எதுவும் கிடையாது. ஸ்டெண்ட் உயிரைக் காப்பாற்றும் இடம் அதுதான். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

சில நாட்களாக வலி அடிக்கடி வருகிறது, முன்பைவிடக் குறைந்த தூரம் நடந்தாலே வருகிறது என்றாலும் அன்றே காட்ட வேண்டும்.

மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் வலி, மாடி ஏறினால் வந்து ஓய்வெடுத்தால் போகும் வலி வேறு. இதில் பெரும்பாலும் பேசுவதற்கும் யோசிப்பதற்கும் நேரம் இருக்கிறது. ஆனால் அதை நீங்களாக முடிவுசெய்யக் கூடாது. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "சார், இது அவசரமா? ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டா ஆபத்தா?" இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது. "ரெண்டு வாரம் பரவாயில்லை, மாத்திரை மட்டும் விடாதீங்க" என்று சொன்னால் உங்களுக்கு இரண்டு வாரம் கிடைத்துவிட்டது. "வேண்டாம், இடது பக்க மெயின் குழாயில் சந்தேகம் இருக்கு" என்று காரணத்தோடு சொன்னால் (இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் அது) அதையும் மதியுங்கள்.

2. ஒரே ஃபைலில் எல்லாத் தாளும்

பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்த தாள்களை டாக்டர் மேஜையில் கொட்டினால், கிடைத்த பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் தேடுவதில் போய்விடும். ஸ்டேஷனரிக் கடையில் 50, 60 ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபைல் போதும். தேதி வரிசையில், புதியது மேலே இருக்கட்டும்.

உள்ளே இருக்க வேண்டியவை:

- இசிஜி தாள்கள். பழையது இருந்தால் கட்டாயம் வையுங்கள். மாற்றம் தெரிய அதுதான் உதவும். இசிஜி தாள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும், அதனால் ஜெராக்ஸும் போட்டுவையுங்கள்.
- எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், டி.எம்.டி. ரிப்போர்ட். முடிவு எழுதிய கடைசிப் பக்கம் மட்டும் போதாது, வரைபடத் தாள்களும் வேண்டும்.
- கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), மூன்று மாத சர்க்கரை, ஹீமோகுளோபின், கொழுப்பு ரிப்போர்ட்.
- இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் ஒரே தாளில்: பெயர், மில்லிகிராம், எந்த நேரம். நாட்டு மருந்து, சூரணம், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையும் சேர்த்து.
- ஒவ்வாமை எதற்காவது இருந்தால் சிவப்பு மையில்.
- ஆதார், காப்பீட்டு அட்டை நகல்கள்.

கிரியேட்டினினைத் தனியாகச் சொல்கிறேன். ஆஞ்சியோவில் ஏற்றும் சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆஞ்சியோவை ஒட்டி அதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் இது விட்டுப்போக வாய்ப்பு உண்டு.

எல்லாத் தாளையும் ஃபோனில் படம் எடுத்து பி.டி.எஃப்.பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்கு அனுப்ப உதவும்.

3. பேசப்போவது யார் என்று வீட்டிலேயே முடிவுசெய்யுங்கள்

நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது: நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், மூத்த மகன் டாக்டரிடம் பேசுவார், மாப்பிள்ளை இடையில் புகுவார். "அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர், பயந்துடுவாரு" என்று யாராவது ஒருவர் வெளியே போய்க் கிசுகிசுப்பார். பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால் வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, மாத்திரை போட்டபின் குறைந்ததா என்பதை அப்பாவைத் தவிர யாரும் சரியாகச் சொல்ல முடியாது. சிகிச்சை முடிவும் பெரும்பாலும் அந்தப் பதில்களை வைத்துத்தான் அமைகிறது.

சட்டமும் அவர் பக்கம்தான். சுயநினைவோடு இருக்கும் பெரியவர் ஒருவருக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் அம்மாவிடம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே சம்மதம் வாங்கி, பெரிய ஆபரேஷனைச் செய்து முடித்துவிட்டார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்றும், அந்தச் சிகிச்சை எதற்கு, என்ன பலன், மாற்று வழி என்ன, முக்கிய ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று சொன்ன பிறகு பெறுவதே சம்மதம் என்றும் தெளிவாக்கியது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. இதை டாக்டர் முன்னால் நீட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்: நோயாளியும் இன்னும் ஒருவரும் மட்டும் உள்ளே போக வேண்டும். அந்த ஒருவர் பேசக் கூடாது, எழுத வேண்டும். நோயாளி கேட்க மறந்ததை மட்டும் கடைசியில் கேட்கலாம். டாக்டரின் அனுமதியோடு ஃபோனில் பதிவு செய்வது இன்னும் நல்லது. வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு இரவில் அனுப்பலாம், அவர் கேள்விப்பட்டதை வைத்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்காமல் இருப்பார்.

4. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

ஓ.பி. நேரத்தில் வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது எந்த டாக்டராலும் நிதானமாகப் பேச முடியாது. ரிசப்ஷனில் "ரிப்போர்ட் பற்றிப் பேசணும், கடைசி டோக்கன் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கொடுத்துவிடுவார்கள். இன்னொரு முறை கன்சல்டிங் ஃபீஸ் கட்ட வேண்டி வரலாம். கட்டுங்கள், இந்தப் பயணம் முழுவதிலும் இதைவிடப் பலன் தரும் செலவு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். எனக்கு உதவியவை இவை.

"இந்த சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கவா, வலியைக் குறைக்கவா?" இதை முதல் கேள்வியாக வையுங்கள். ஸ்டெண்ட் வைத்தால் இனி மாரடைப்பே வராது என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். குழாயில் அடைப்பு எடுத்தால் தண்ணீர் ஓடும் என்ற கணக்கு அது. இதயக் குழாயில் கதை வேறு. பல மாரடைப்புகள் ஆஞ்சியோவில் பெரிதாகத் தெரியாத, சின்னக் கொழுப்புப் படிவு திடீரென வெடித்து ரத்தம் உறைவதால் வருகின்றன. அதைத் தடுப்பது மாத்திரையும், புகையை விடுவதும், சர்க்கரைக் கட்டுப்பாடும்தான். 2007-ல் வெளியான கரேஜ் ஆய்விலும், இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்து 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்விலும் கிடைத்த முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்: வலி நிலையாக இருப்பவர்களுக்கு, நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டெண்டோ பைபாஸோ (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக் குழாய் தைக்கும் ஆபரேஷன்) முதலிலேயே செய்வதால் மரணமும் மாரடைப்பும் குறையவில்லை. ஆனால் அடிக்கடி நெஞ்சுவலி வருபவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இடது பக்க மெயின் குழாயில் அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் பம்ப் சக்தி மிகவும் குறைந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் இஸ்கீமியா ஆய்வில் இல்லை. ஆகவே "நாங்க அந்த வகையா, இந்த வகையா?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

"மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாச்சா?" சிலருக்கு ஒரே ஒரு மாத்திரை எழுதி, அடுத்த வாரமே ஆஞ்சியோ என்றிருப்பார்கள். மருந்தைக் கூட்டிப் பார்க்க இடமிருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

"என்னைப் போல 100 பேருக்கு இதைச் செய்தால் எத்தனை பேருக்குச் சிக்கல் வரும்?" 'ரிஸ்க் கம்மிதான்' என்ற பதிலை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. எண் கேளுங்கள். ஆஞ்சியோவில் மட்டும் என்றால் பெரிய சிக்கல்கள் 100-ல் ஒருவருக்கும் குறைவு. வயது, சிறுநீரகம், சர்க்கரை இவற்றால் உங்களுக்கு அது கூடுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"கை வழியா, தொடை வழியா?" மணிக்கட்டு வழியாகச் செய்தால் ரத்தக்கசிவு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். எல்லோருக்கும் முடியாது.

"இப்போதைக்கு ஒன்றுமே செய்யாவிட்டால்?" இதைக் கேட்கத்தான் எல்லோரும் தயங்குகிறோம். டாக்டரை எதிர்ப்பது போல இருக்கும் என்று ஒரு கூச்சம். "தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேட்கிறேன் சார்" என்று ஆரம்பித்தால் போதும்.

அப்புறம், உங்கள் பக்கத்து விஷயங்களையும் சொல்லுங்கள். டாக்டருக்கு அவை தெரியாது. அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷனோ பல் பிடுங்குவதோ இருக்கிறதா? ஸ்டெண்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும், இடையில் வேறு ஆபரேஷன் வந்தால் சிக்கல். தனியாக இருப்பவரா, தினமும் மாத்திரை எடுத்துக்கொடுக்க ஆள் உண்டா? வயலுக்குச் சைக்கிளில் போய்வந்தே ஆக வேண்டிய வாழ்க்கையா, அல்லது வலி இல்லாமல் கோயில் வரை நடந்தால் போதுமா? என் அப்பாவுக்கு வலி வந்தது சைக்கிள் மிதிக்கும்போது மட்டும்தான். சைக்கிளை விடத் தயார் என்று அவராகச் சொன்ன நிமிடத்தில் டாக்டரின் பேச்சே மாறியது.

5. ஆஞ்சியோ படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

அட்மிஷன் அன்று காலை ஆறரை மணிக்கு, வெறும் வயிற்றில், கவுன் மாட்டிய பிறகு படிவம் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். "ஆஞ்சியோ, அதைத் தொடர்ந்து தேவைப்படும் சிகிச்சை" என்ற பொருளில் ஒரு வரி உள்ளே இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டால் பரிசோதனைக்கும் ஸ்டெண்டுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடுத்தது போல ஆகிவிடும்.

அல்லது பாதியில் கதவு திறக்கும். உங்களைக் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) கண்ணாடிக்கு அருகில் அழைத்து, திரையில் ஒரு குழாயைக் காட்டி, "பாருங்க, எண்பது பர்சென்ட். இப்பவே வெச்சுட்டா ஒரே செலவு, மறுபடி குத்த வேண்டாம். என்ன பண்றீங்க?" என்பார்கள். நோயாளி மேஜையில் படுத்திருக்கிறார், நீங்கள் செருப்பு இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அந்த நிலையில் வேண்டாம் என்று சொல்லும் மகனோ மகளோ இந்த ஊரில் கிடையாது.

ஒரே அமர்வில் முடிப்பதில் நியாயமும் உண்டு: ஒரு முறை குத்தினால் போதும், சாயம் ஒரு முறைதான், செலவும் குறையலாம். அதனால் ஒரே அமர்வு கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என்ன தெரிந்தால் என்ன செய்வது என்பதை முந்தைய நாளே பேசிவைக்க வேண்டும்.

முந்தைய நாள் மாலையே படிவத்தைக் கேளுங்கள். "தமிழ்ப் படிவம் இருக்கா?" என்று கேட்டால் பல ஆஸ்பத்திரிகளில் எடுத்துத் தருவார்கள். இல்லாவிட்டால் டூட்டி டாக்டரை வரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு டாக்டரிடம் இப்படிப் பேசிக்கொள்ளுங்கள்:

- ஒரே ஒரு குழாயில் தெளிவான, பெரிய அடைப்பு, வலிக்குக் காரணமும் அதுதான் என்றால் அப்போதே வைக்கலாமா, வேண்டாமா?
- இரண்டு மூன்று குழாய்களில் அடைப்பு என்றால் நிறுத்திவிட்டு வெளியே வந்து பேச வேண்டும்.
- இடது மெயின் குழாயில் என்றால், உயிர் ஆபத்து உடனடியாக இல்லாத பட்சத்தில், அறுவைச் சிகிச்சை நிபுணரிடமும் காட்ட வேண்டும்.
- ஐம்பது பர்சென்டுக்கும் எழுபது பர்சென்டுக்கும் இடையிலான நடுத்தர அடைப்பு என்றால், ரத்த ஓட்டம் உண்மையிலேயே தடைபடுகிறதா என்று அழுத்தம் அளக்கும் கம்பியை வைத்துப் பார்க்க முடியுமா? அதற்குக் கூடுதல் செலவு எவ்வளவு?

முடிவு 'பார்த்துவிட்டு நிறுத்துங்கள்' என்றால் படிவத்திலேயே கையால் எழுதுங்கள்: "ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்கு மட்டும் சம்மதிக்கிறேன். உயிருக்கு உடனடி ஆபத்து ஏற்பட்டால் தவிர, ஸ்டெண்ட் பற்றிப் பிறகு பேசி முடிவுசெய்வேன்." நோயாளி கையெழுத்துப் போட வேண்டும், தேதியும் நேரமும் வேண்டும். அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் முகம் சுளிக்கலாம். டாக்டரிடம் முன்பே பேசியிருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லி முடித்துவைப்பார்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். "அப்புறம் ஃபில் பண்ணிக்கிறோம்" என்று என்ன அவசரத்தில் சொன்னாலும் சரி.

6. முடிவு வந்த பிறகு: மருந்தா, ஸ்டெண்டா, பைபாஸா

பர்சென்ட் எண்ணைக் கேட்டுப் பதறாதீர்கள். எந்தக் குழாய், எந்த இடம், அது எவ்வளவு தசைக்கு ரத்தம் கொடுக்கிறது என்பவைதான் முக்கியம். டாக்டரை ஒரு தாளில் இதயத்தை வரைந்து, அடைப்புகளைக் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை, சந்தோஷமாகச் செய்வார்கள்.

சர்க்கரை உள்ளவர், ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பு என்றால் பைபாஸ் பற்றி நீங்களாகவே கேட்க வேண்டும். 2012-ல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு இப்படிப்பட்ட 1,900 பேரைப் பார்த்தது. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்தால் ஸ்டெண்ட் வைத்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 27 பேர், பைபாஸ் செய்தவர்களில் 19 பேர். பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதல்: 100-க்கு ஏறக்குறைய 5 பேர், ஸ்டெண்டில் 2 பேர். பைபாஸ் என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டும், பல வார ஓய்வு வேண்டும். எண்பது வயதுக்காரர் ஒரு மாதிரி முடிவெடுப்பார், ஐம்பது வயதில் குடும்பத்தை இழுப்பவர் இன்னொரு மாதிரி. இரண்டும் சரியாக இருக்கலாம்.

ஸ்டெண்ட் வைக்கும் டாக்டரிடம் மட்டும் கேட்டால் பைபாஸின் முழுப் பக்கம் தெரியாது. "இந்தக் கேஸை சர்ஜனோடு சேர்ந்து பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பெரிய மையங்களில் இருவரும் உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டு.

7. இரண்டாவது கருத்து

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. விரும்பும் டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதும், அதற்கான ரிப்போர்ட்டுகளைப் பெறுவதும் அதில் அடக்கம். மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் அதை ஒட்டிய சாசனத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது.

கொண்டுபோக வேண்டியது ஆஞ்சியோ சி.டி. அல்லது பென் டிரைவ். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்து எந்த இதய நிபுணரும் உறுதியாகச் சொல்லமாட்டார். டிஸ்சார்ஜுக்கு முன்பே சி.டி.யைக் கேட்டு வாங்கி, ஒரு கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓடாத சி.டி.யோடு வேறு ஊர் போய் நிற்பது கொடுமை.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இதயப் பிரிவு ஓ.பி.யில் செலவே இல்லாமல் கேட்கலாம்: சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி, கோவை அரசு மருத்துவமனை என்று. காலையிலேயே போக வேண்டும், கூட்டம் இருக்கும், ஆனால் அங்கே ஸ்டெண்ட் விற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வட மாவட்டக்காரர்கள் வேலூர் சி.எம்.சி.க்கும், குமரி, நெல்லைப் பக்கத்தவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கும் போவதுண்டு. அங்கெல்லாம் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கும் தேதியைப் பார்த்த பிறகே பஸ் டிக்கெட் போடுங்கள்.

முதல் டாக்டர் என்ன சொன்னார் என்பதை இரண்டாமவரிடம் உடனே சொல்லாதீர்கள். படத்தைக் காட்டி "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு, முதல் கருத்தைச் சொல்லி, ஏன் வேறுபடுகிறது என்று கேட்கலாம். மூன்றாவது, நான்காவது கருத்துக்கு அலையாதீர்கள். குழப்பம்தான் கூடும், நாளும் போகும்.

ஒரு பொறி: யோசிக்க நேரம் வேண்டும் என்று வார்டிலிருந்து கிளம்பும்போது "மருத்துவ ஆலோசனைக்கு எதிராக" என்று அச்சடித்த தாளை நீட்டலாம். நீங்கள் சிகிச்சையை மறுக்கவில்லை. "இரண்டாவது கருத்துக்காகச் செல்கிறோம், மருந்துகளைத் தொடர்கிறோம்" என்று எழுதி வழக்கமான டிஸ்சார்ஜாகத் தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்மில் இந்த ஒரு வரி தலைவலியைக் குறைக்கும்.

8. பணம்

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு தாளாகக் கேளுங்கள்: ஆஞ்சியோ மட்டும் என்றால் எவ்வளவு, ஸ்டெண்டோடு என்றால் எவ்வளவு. ஒரே தாளில் சேர்த்துக் கொடுத்தால் 'நிறுத்திவிட்டு யோசிப்போம்' என்ற வழிக்கு என்ன செலவு என்றே தெரியாது.

ஸ்டெண்ட் விலைக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருந்து பூசிய ஸ்டெண்டுக்கு அப்போது 29,600 ரூபாய். பிறகு திருத்தித் திருத்தி ஏறியிருக்கிறது, ஆனாலும் லட்சத்தில் இல்லை. 'இம்போர்டட், ஸ்பெஷல்' என்று ஸ்டெண்டுக்கு மட்டும் லட்சம் சொன்னால் அன்றைய உச்சவரம்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பில்லில் ஸ்டெண்டின் பிராண்ட், பேட்ச் எண், விலை தனியாக இருக்க வேண்டும். பலூன், கைடு வயர் போன்றவற்றுக்கு இதே மாதிரி உச்சவரம்பு இல்லை. தொகை வீங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஒவ்வொன்றும் எத்தனை என்று பில்லில் எண்ணிப் பாருங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாவிட்டால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியும் கூடப் போனால் ஒரே நடையில் முடியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. ஆஸ்பத்திரியின் திட்டக் கவுண்டரில் இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: "ஆஞ்சியோ மட்டும் பார்த்து நிறுத்தினா திட்டத்துல வருமா?"

தனியார் பாலிசிக்கும் இதே கேள்விதான். பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதை விலக்கும் விதி பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. ஆஞ்சியோவோடு நிறுத்தினால் அந்தப் பணம் நம் கையிலிருந்து போகலாம். இந்தப் பயத்திலேயே ஸ்டெண்டுக்குத் தலையாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்தால் அந்தச் சில ஆயிரங்களுக்காக இதயத்தில் உலோகம் வைக்கும் முடிவை எடுக்கமாட்டீர்கள். கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள் தர வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸ் டெஸ்க் இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

9. வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோ சி.டி., ஸ்டெண்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர் ஒட்டிய தாள், விவரமான பில். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் அலைக்கழிப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் நோயாளி பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், தேதி எழுதி, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகள் வரைதான் பதிவுகளை வைத்திருக்கக் கட்டாயம், அதனால் 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று விடாதீர்கள்.

மாத்திரைச் சீட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் இரட்டை மாத்திரை, நிலையான வலிக்கு ஸ்டெண்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம், மாரடைப்புக்கு வைத்தவர்களுக்கு ஓராண்டு என்று சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் எழுத வேண்டும். பல் டாக்டரோ வேறு யாரோ "அஞ்சு நாள் நிறுத்துங்க" என்றால், இதய டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் ஸ்டெண்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து போகலாம். மருந்துச் சிகிச்சையோடு மட்டும் போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள், வலி எப்படி மாறினால் உடனே வர வேண்டும், அடுத்த டி.எம்.டி. எப்போது என்று கேட்டு அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். முடிவை ஆறு மாதம் கழித்து மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கும் இதே ஃபைலைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.